கடைசியில் வரும் மாதா

பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் கடைசியாக வருகிற வியாகுல மாதா எங்கள் வீட்டு மாதா. சான் லியாந்த்ரோவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் எத்தனை சுரூபங்கள் போனாலும், பேதுருவும் யோவானும் மதலேனாளும் எந்தெந்த வீட்டுத் தேரில் போனாலும், தெருவோரம் முழந்தாளிட்டிருக்கிற சனம் எழுந்திருப்பது எங்கள் மாதா கடந்து போன பிறகுதான். அந்தச் சுரூபத்தை மணிலாவில் செய்வித்தவர் என் பாட்டனார். அதன் தலைமுடி எங்கள் வீட்டுப் பெண்களுடையது. எங்கள் திமாரனான் குடும்பத்தில் பிறந்தவளானாலும் வாழவந்தவளானாலும், ஒரு முறையாவது தன் முடியை மாதாவுக்குக் கொடுக்காமல் கண்மூடியதில்லை.

எங்கள் ஊர் ஸ்பெயினை எதிர்த்து ஏன் எழுந்தது என்று இப்போது மேடையில் பலரும் பேசுகிறார்கள். நிலத்துக்காக என்கிறார்கள், சுதந்திரத்துக்காக என்கிறார்கள். இரண்டும் மெய். ஆனால் என் அண்ணன் கப்பித்தான் பிளாசிடோ எழுந்தது இரண்டுக்காகவும் அல்ல. அவர் எழுந்ததால்தான் ஊர் எழுந்தது. வெளியாள் எழுதினால் கூட்டியோ குறைத்தோ எழுதுவான். ஆகவே எங்கள் வீட்டுக்குள் நடந்ததை வீட்டில் மிஞ்சியிருக்கிற மூத்தவனான நானே எழுதுவதுதான் முறை.

அண்ணன் இரண்டு தடவை ஊர்த்தலைவராக இருந்தவர். பதவி முடிந்தாலும் கப்பித்தான் என்ற பெயர் எங்கள் பக்கம் முடிவதில்லை. தங்கப் பூண் போட்ட பிரம்பு இல்லாமல் அவர் வாசற்படி இறங்கி நான் பார்த்ததில்லை. ராஜாவின் பெயரால் கொடுத்த பிரம்பு அது. ஸ்பெயினை அவர் 'தாய்' என்றுதான் சொல்வார். சொல்லும்போது குரல் சற்றுத் தணியும்.

எங்கள் ஊரில் வயல் என்றால் மடத்து வயல்தான். காட்டை வெட்டித் திருத்தியவர் எங்கள் பாட்டனார். ஆற்றுக்கு அணை கட்டியவர்கள் ஊரார். சாமியார்களின் மடம் ஒரு நாள் கயிறு பிடித்து அளந்து, கண்ணுக்கு எட்டியதெல்லாம் தன் பண்ணை என்றது. அன்றிலிருந்து விளைச்சலில் பங்காக வாரம் கட்டினோம். பிறகு வயலுக்கு மட்டுமல்ல, வரப்பில் நிற்கிற மாமரத்துக்கும் மூங்கில் புதருக்கும் வாரம் கேட்டார்கள்.

அப்போது எங்கள் பங்குச் சாமியார் எவாரிஸ்தோ. அந்த மடத்தைச் சேர்ந்தவர், ஸ்பெயின்காரர். அவர் நல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. வயதில் மூத்த என் அண்ணனையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். பூசைக்கு வராதவனைக் கோயில் முற்றத்தில் நிறுத்திப் பிரம்பால் அடிப்பார். படகுக்காரன் இசியோங்கின் அண்ணன் பண்ணையின் அளவைக் கேள்வி கேட்டதற்காக அவன் பெயரைக் காவற்படைக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவனைத் தெற்கே ஏதோ ஒரு தீவுக்குக் கப்பலேற்றினார்கள். அவன் திரும்பி வரவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் வருடத் தபசுகாலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பு நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். பச்சைப்பயறும் கருவாடும். எங்கள் கடைசித் தம்பி சிரியாகோ மணிலாவில் படித்துவிட்டு வந்தவன். ஸ்பெயினை எதிர்க்கிற ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தார். அன்று அவன் மறைக்கவில்லை.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த ஊர்ல பாதிப்பேரு இன்னிக்கே அரிவாளத் தீட்டிருவான்."

"எதுக்குத் தீட்டணும்? அறுப்புதான் முடிஞ்சுபோச்சே."

"வெளையாடாதீங்க அண்ணே."

"சோத்துல கைய வச்சிக்கிட்டு ராஜாவ எதுத்துப் பேசுறது நீ. வெளையாடுறது நானா?"

சிரியாகோ தட்டை நகர்த்தி வைத்தான். "காய்க்காத மரத்துக்கும் வாரம் கேக்கறாங்க. செத்தவனுக்கு மணி அடிக்கக் காசு வச்சாத்தான் மணி. இசியோங்கோட அண்ணன் எங்க இருக்கான்னு அவன் அம்மா தெனம் படித்துறையில வந்து கேக்கறா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது பண்ணை பண்ற அக்கிரமம். தாய்க்குத் தெரியாது. தெரிஞ்சா கேப்பா. ரெண்டு மனு அனுப்பியிருக்கேன்."

"ரெண்டும் எங்க இருக்குன்னு தெரியுமா? பண்ணை ஆபீசு மேசையில. அது மேலதான் காரியக்காரன் சாக்லேட்டுக் கோப்பைய வைக்கிறானாம்."

அண்ணன் முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டார். "தாய் அடிச்சா புள்ள அரிவாள் எடுப்பானாடா?"

"தாய் அடிப்பா அண்ணே. அடிச்ச எடத்துக்கு வாரம் வாங்க மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"மக்காரியோ, அவன் பாட்டுக்கு நீ தாளம் போடறியா?"

"இல்லண்ணே. பயறு தொண்டையில சிக்கிக்கிருச்சு."

"தண்ணியக் குடி." பிறகு சிரியாகோவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டுல இந்தப் பேச்சு இதோட சரி."

அத்தோடு சரியாயிற்று. தம்பி சொன்ன காரணங்களில் ஒன்றாவது பொய் என்று அண்ணனும் சொல்லவில்லை. காரணம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே மணிலாவில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் தியோடோரோவைக் காய்ச்சலோடு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே பிள்ளை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, சாமியாரைக் கூப்பிடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

இனி எழுதுவதை அண்ணி சத்துர்னினா எனக்கு விவரமாகச் சொன்னது பல காலம் கழித்து. ஆனாலும் நடந்த இடத்திலேயே அதை வைக்கிறேன். படிப்பவர் இருட்டில் நிற்க வேண்டாம்.

அண்ணி நேர்ச்சை வைத்தாள். பிள்ளை பிழைத்தால் வீட்டில் எது மிகப் பெரியதோ அதை ஒரு வருடத்துக்குத் தருகிறேன் என்று மாதாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் மிகப் பெரியது ஊர்வலத்தின் கடைசி இடம். இந்தப் பெரிய வெள்ளியில் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து, தான் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டாள். அடுத்த பெரிய வெள்ளி வரை காரணத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்களின் கண்டிப்பு அது: முடியும் முன்பு வெளியே சொன்ன நேர்ச்சை செல்லாது, கேட்டு வாங்கிய உயிர் வந்த வழியே போய்விடும்.

ஆனால் ஊர்வலத்தின் வரிசை சாமியார் கையில் இருந்தது. அண்ணனிடம் கேட்டால் பிள்ளையே போனாலும் சம்மதித்திருக்க மாட்டார் என்று அண்ணி நினைத்தாள். அப்படி நினைத்தது தவறு என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்ல முடியவில்லை. ஆகவே அவள் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் போய் முழந்தாளிட்டு, அங்கே சொன்னாள். அங்கே கேட்டதைச் சாமியார் தலை போனாலும் வெளியே விடக்கூடாது.

"புருசனுக்குத் தெரியுமா?" என்றாராம் எவாரிஸ்தோ சாமியார்.

"தெரியாது சாமி. தெரியவும் கூடாது."

"என்னையில்ல திட்டுவான்."

"இப்பவே திட்டிக்கிட்டுத்தான் சாமி இருக்காரு."

கம்பி வலைக்கு அப்பால் அவர் சிரித்தாராம். அவர் சிரித்து அண்ணி கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு, "சரி. ஒரு வருசம்" என்றாராம்.

பெரிய வெள்ளி சாயங்காலம். கோயில் முற்றத்தில் தேர்கள் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நின்றன. அண்ணன் கறுப்புச் சட்டையும் பிரம்புமாக மாதாவின் அருகில் நின்றார். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு வந்தான்.

"கப்பித்தான், இந்த வருசம் உங்க தேரு மதலேனாளுக்கு முன்னாடிங்க."

"யாரு சொன்னது?"

"சாமிதான்."

"அப்பக் கடைசியில யாரு?"

அவன் எங்களுக்குப் பின்னால் கையைக் காட்டினான். பண்ணைக் காரியக்காரர் வீட்டில் புதிதாக வரவழைத்த சுரூபம், கறுப்பு வெல்வெட்டில் வெள்ளி நூல் பூவேலையோடு, எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. யாராவது ஒருவர் கடைசியில் வந்துதானே ஆக வேண்டும். அந்த ஒருவர் பண்ணை வீடாக இருந்ததுதான் எங்கள் கேடு.

அண்ணன் சாமியாரிடம் நடந்து போனார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி, வரிசையில ஏதோ தப்பு நடந்திருக்கு."

"தப்பில்ல."

"காரணம் கேக்கலாமா?"

"நான் சொன்னாப் பத்தாதா? போய் உன் எடத்துல நில்லு."

அண்ணன் தேரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் போகவில்லை. கொடுத்த இடத்தில் நின்று, ஊர்வலம் முழுவதும் முதுகு வளையாமல் நடந்தார். தேருக்குப் பின்னால் அண்ணி வெறுங்காலோடு, கூழாங்கல் குத்த, அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைக்காக அழுதாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்துக்காக அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஊர்வலம் முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் சாமியார் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்தபோது அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து போனார். எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, உயிர்ப்புப் பெருநாளன்று, தியோடோரோ கண் விழித்துக் கஞ்சி கேட்டான். வீடே சிரித்தது. அண்ணன் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சிரியாகோ மேலே ஏறி வந்தபோது அவனைத் தடுத்து நிறுத்தினார்.

"உன் ஆளுங்ககிட்டச் சொல்லு. நான் வர்றேன்."

தம்பி உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. "எதுக்கு வர்றீங்க அண்ணே?"

"வர்றேன்னா சரின்னு சொல்றத விட்டுட்டு எதுக்குன்னு கேக்கற."

"தெரிஞ்சா நல்லதில்லையா?"

"நம்ம மாதாவ எடத்த விட்டுத் தள்ளினான். அதுக்கு."

"மரத்து வாரத்துக்கு வரல. இசியோங் அண்ணனுக்கு வரல."

"வந்துட்டேன்ல? பெரிய நீதிபதி மாதிரி கேள்வி கேக்காத. போ, உள்ள போய்ப் புள்ளையப் பாரு."

சிரியாகோ உள்ளே போனான். என்னைக் கடக்கும்போது மெல்லச் சொன்னான்: "மெய்யான காரணம் அம்புட்டுச் சொன்னேன், அசையல. ஒரு பொம்மைய முன்னால பின்னால நகத்தினதுக்கு எந்திரிச்சுட்டாரு." அவனைக் கடிந்துகொண்டேன். மாதாவைப் பொம்மை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கடிந்துகொண்டது அந்த ஒரு சொல்லுக்காக மட்டும்தான்.

அந்த மாதங்களில் அண்ணி என்ன பட்டாள் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். கணவர் தோட்டத்து மூங்கிலை வெட்டி ஈட்டி சீவுவதைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஈட்டியைக் கீழே வைத்துவிடுவார். மறுபக்கம் பிள்ளை மூன்றாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவான். வாயை மூடிக்கொள்வாள். "எந்தப் பக்கம் பாத்தாலும் என் வீட்டு உசுருதான் தம்பி," என்றாள் என்னிடம்.

ஆகஸ்டு கடைசியில் மாகாணம் முழுவதும் தீப்பற்றியது. எங்கள் ஊர் கூடியது கோயில் முன் திடலில், மழையில். அண்ணன் கல்படியில் ஏறி நின்றார். பண்ணை வீடு வயல்களுக்கு அப்பால், கிழக்கே இருந்தது. அவர் பிரம்பை அந்தப் பக்கம் நீட்டவில்லை. சாமியார் வீட்டை நோக்கி நீட்டினார்.

"மாதாவுக்கு எடமில்லாத கோயில்ல இவனுக்கு என்னய்யா எடம்?"

திடல் இரைந்தது. காவற்படை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அன்று என் அண்ணனைப் பார்த்து நான் அடைந்த பெருமையை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிரம்பு கிழக்கே நீண்டிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை.

சாமியாரை நெற்களஞ்சியத்தில் பிடித்தார்கள். மறுநாள் காலை ஊர்ச்சாவடிக்குக் கொண்டுவந்தார்கள். கைகள் கட்டியிருந்தன, அங்கியெல்லாம் உமி. அண்ணன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நானும் சிரியாகோவும் இரு பக்கமும். எதிரே இசியோங்கும் இன்னும் பல பேரும், வாசல் அடைக்க, ஈரத்தோடு நின்றார்கள்.

"சாமி," என்றார் அண்ணன். அப்போதும் அந்த வார்த்தையை அவர் விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க மாதாவ ஏன் நகத்தினீங்க?"

"அத மட்டும் கேக்காத."

"எனக்கு அது மட்டும்தான் வேணும்."

"எங்களுக்கு மத்ததெல்லாம் வேணும் கப்பித்தான்," என்றான் இசியோங் பின்னாலிருந்து. யாரோ சிரித்தார்கள்.

"பேசாம இரு இசியோங். சாமி, பண்ணைக்காரன் கேட்டானா? உங்க மடம் சொல்லிச்சா? சொல்லிருங்க. உங்கள மணிலாவுக்குப் படகு ஏத்தறது எம் பொறுப்பு."

உயிர் வேண்டுமானால் ஒரு பொய் போதும். பண்ணைக்காரர் கேட்டார் என்றால் முடிந்தது. சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் செஞ்சேன். காரணம் சொல்ல மாட்டேன். வேற எதை வேணா கேளு, பதில் சொல்றேன்."

"வேற என்ன கேக்க? எங்கண்ணன் எங்க?" என்றான் இசியோங்.

அதற்கும் அவர் பதில் சொன்னார். "காய்ச்சல்ல செத்துட்டான். போன வருசம் கடுதாசி வந்துச்சு. உங்க அம்மாகிட்டச் சொல்லல. சொல்லியிருக்கணும்."

இசியோங் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

காவலுக்கு நின்றவர்களுக்கு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்த அண்ணி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, தெரியாது. பானையைக் கீழே வைத்தாள். கூட்டம் வழிவிட்டது.

"அவரு ஏன் சொல்லலன்னா, சொல்லக் கூடாது. நான் சொல்றேன்," என்றாள்.

அண்ணன் எழுந்தார். "சத்துர்னினா, வீட்டுக்குப் போ."

"போறேன். சொல்லிட்டுப் போறேன். நகத்தச் சொன்னது நான்தான்."

சொன்னாள். பிள்ளையின் காய்ச்சல், நேர்ச்சை, பாவசங்கீர்த்தனத் தொட்டி, ஒரு வருடம் எல்லாவற்றையும், நின்ற இடத்திலேயே, யார் முகத்தையும் பார்க்காமல். இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளுகிறவள் போல.

அண்ணன் சாமியாரைப் பார்த்தார். "நெசமா சாமி?"

"அவ பேசறா. நான் எதையும் கேக்கல," என்றார் சாமியார்.

அப்போதும் அவர் அந்த ரகசியத்தைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. அண்ணன் மேசையைச் சுற்றி வந்து, தம் கையாலேயே கயிற்றை அவிழ்க்கப் போனார். ஈரத்தில் இறுகிய முடிச்சு வரவில்லை.

"கப்பித்தான்." இசியோங் கிட்டே வந்துவிட்டான். குரலில் கோபமே இல்லை. "கையை எடுங்க."

"நான்தான்யா தலைவன். விடச் சொல்றேன்."

"நீங்க உங்க மாதாவுக்காக வந்தீங்க. அது சரியாப் போச்சு. சந்தோசம். நாங்க வந்த விசயம் சரியாப் போகலையே."

"இவரு எனக்கு ஒண்ணும் செய்யலடா."

"ஒங்களுக்குச் செய்யல. எங்களுக்குச் செஞ்சாரு. இப்பத்தான் வாயாலயே சொன்னாரு, கேக்கலையா?"

அண்ணன் பிரம்பை வாசலுக்குக் குறுக்கே நீட்டினார். அந்தப் பிரம்பைத் தாண்டி யாரும் போனதில்லை, அன்று வரை. இசியோங் அதை இரண்டு விரலால் பிடித்து, மரியாதையாக, ஓரமாக நகர்த்தினான்.

அண்ணன் சிரியாகோவைப் பார்த்தார். "நீ சொல்லேன்டா. சங்கத்துல சட்டம் இருக்குன்னு சொல்லுவியே. விசாரணை இருக்குன்னு."

"இருக்கு அண்ணே." தம்பியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "தபசுகாலத்துல நான் கூப்பிட்டப்ப வந்திருந்தீங்கன்னா, வாரத்துக்கும் நெலத்துக்கும்னு சொல்லிக் கூட்டத்தக் கூட்டியிருப்போம். பண்ணைக்குப் போயிருப்போம். நேத்து நீங்க படியில நின்னு இவரக் கையக் காட்டினீங்க. இப்ப நான் எந்தச் சட்டத்தச் சொல்ல?"

ஆனாலும் அவன் சொல்லிப் பார்த்தான். அதையும் எழுத வேண்டும். வாசல் வரை போய்க் கத்திப் பார்த்தான். கேட்க யாரும் இல்லை.

சாமியாரைக் கூட்டிப் போனபோது அவர் அண்ணி பக்கத்தில் ஒரு கணம் நின்றார். கட்டியிருந்த கைகளைச் சற்று உயர்த்தினார். அண்ணி குனிந்து முத்தி செய்தாள். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆற்றங்கரை மூங்கில் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்களிடம் கேட்கவும் இல்லை.

அன்றோடு அண்ணன் விலகிவிடுவார் என்று நினைத்தேன். விலகவில்லை. மழை நின்று, தை, மாசி வந்து, ஸ்பெயின் படை பெரும் பீரங்கிகளோடு திரும்பி வந்தபோது, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வெட்டிய அகழியில் அவர் இருந்தார். தியோடோரோவும் உடன் இருந்தான். வேண்டாம் என்று சொன்ன தாயை அவன் மீறி வந்தான். அவன் வயதில் யார் வீட்டில் இருந்தார்கள்? ஒரு மத்தியானம், சுட்ட வள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணனிடம் கேட்டேன்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அது பொய்யாப் போச்சே அண்ணே. ஏன் இன்னும் இங்க இருக்கோம்?"

அவர் கிழங்கை இரண்டாக ஒடித்துப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார்.

"நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போனா நாளைக்கு என்ன சொல்லுவான்? சான் லியாந்த்ரோ ஒரு சுரூபத்துக்காகச் சண்டை போட்டுச்சுன்னு சொல்லுவான். இசியோங் அண்ணன் செத்தது, அந்த மரத்து வாரம், எல்லாம் எங் கதைக்குள்ள மறைஞ்சு போகும். நான் கெடுத்தது பத்தாதா?"

"அப்ப யாருக்காக?"

"இப்ப அவனுங்களுக்காக. கொஞ்சம் லேட்டு." கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார். "உப்புக் கொண்டாரலையா?"

என் அண்ணன் தம் புரட்சியைப் பற்றிச் சொன்னது அவ்வளவே. மேடையில் சொல்கிற எதையும் அவர் சொன்னதில்லை.

தியோடோரோ முதலில் போனான், மார்பில் குண்டு பட்டு. அணை உடைந்த அன்று அண்ணன் போனார். நானும் சிரியாகோவும் மலைக்கு ஓடி, ஸ்பெயின் பொதுமன்னிப்பு அறிவித்த பிறகு திரும்பினோம். ஊரில் பாதி வீடுகள் கரியாக நின்றன. அண்ணி தன் தாய்வீட்டு நிப்பா ஓலைக் கூரையின் கீழ் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் முறம் நிற்கவில்லை.

"சொன்னேன். போயிட்டான்," என்றாள்.

"அண்ணி, அவன் காய்ச்சல்ல போகல. குண்டு பட்டுப் போனான். அங்க இருந்த எத்தனையோ பேரு நேர்ச்சை எதுவும் வைக்காமலே போனாங்க."

"எதுல போனா என்ன?"

"நீங்க சொன்னது தப்பில்ல."

"தப்புன்னு நான் சொல்லலையே. மறுபடி அப்படி நின்னாலும் சொல்லத்தான் செய்வேன். முன்னாலயே சொல்லியிருந்தா அவரும் சாமியும் மிஞ்சியிருப்பாங்களோ என்னவோ. இல்ல, புள்ள அன்னிக்கே போயிருப்பானோ. யாருகிட்டக் கேக்கறது?" கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "சாப்பிட்டியா?"

இப்போது ஸ்பெயின் போய்விட்டது. வேறொருவர் கொடி பறக்கிறது. அவர்களுக்கு நாங்கள் பிள்ளைகளா வாடகைக்காரர்களா என்பது இன்னும் தெரியவில்லை. சிரியாகோ நகரசபையில் இருக்கிறான். அண்ணனைப் பற்றி மேடையில் பேசும்போது, நிலத்துக்கும் மக்களுக்கும் உயிர்விட்டார் என்கிறான். கடைசி மாதங்களைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஆகவே நான் கைதட்டுகிறேன். ஆனால் சாமியார் மாதாவை அவமதித்ததால் ஊர் பொங்கி எழுந்தது என்று வேறு சிலர் சொல்லும்போது நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். எவாரிஸ்தோ சாமியார் செய்த குற்றங்கள் போதும். செய்யாததையும் அவர் தலையில் வைத்து எங்கள் குடும்பம் பெருமை கொள்ளாது.

இறந்தவர் மாதத்தில் பூசைக்கு நடுவே ஆன்மாக்களின் பெயரை வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். இப்போது இருக்கிற சாமியார் எங்கள் நாட்டவர். அண்ணி முதல் வருடம் மூன்று பெயர் கொடுத்தாள்: பிளாசிடோ, தியோடோரோ, எவாரிஸ்தோ. மூன்றாவதைக் கேட்டதும் கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது. பின் பெஞ்சில் யாரோ, "மடத்துக்காரனுக்குமா?" என்றான். நான் எழுந்து நின்றேன். திமாரனான் வீட்டின் மூத்தவன் நிற்கிறான் என்பது போதும். முணுமுணுப்பு அடங்கியது.

இசியோங் மட்டும் முணுமுணுக்கவில்லை. பெயர் வந்தபோது எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, முற்றத்துக்குப் போனார். பெயர்கள் முடிந்ததும் திரும்பி வந்து தம் இடத்தில் முழந்தாளிட்டார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் செய்கிறார். அண்ணியும் ஒவ்வொரு வருடமும் மூன்று பெயரையும் கொடுக்கிறாள். அவர் போகும்போது அவள் முழங்காலைச் சற்று ஒதுக்கி வழிவிடுகிறாள். அவர், "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். இருவரையும் நான் தடுத்ததில்லை. இரண்டும் நியாயம். அவை ஒன்றோடொன்று சேரப்போவதில்லை.